கூரையில் ஒரு தாமரைக்குளம்: காரைக்குடியிலிருந்து இரண்டு நாள் கார்ப் பயணம்

சென்னையிலிருந்து மச்சினன் குடும்பம் வந்திருந்தபோது அவன் மகன் கேட்ட முதல் கேள்வி, "இங்கே அருவி எங்கே மாமா?" என்பதுதான். செட்டிநாட்டில் செம்மண் இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. அருவிக்கு எங்கே போவது? ஆனாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிய இரண்டு நாளில் ஒரு வழி பிடிபட்டது. அதற்கு முன் ஒரு தடவை தனியாகப் போய்ச் சொதப்பியதும் இதில் உண்டு.

படி 1: திருமயம்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை சாலையில் 20 கி.மீ. சொச்சம். முதலில் சத்தியமூர்த்திப் பெருமாளைச் சேவித்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், கோட்டை எங்கும் போய்விடாது. 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. பாதி ஏற்றத்தில், பாறையின் வயிற்றில் குடைந்த சின்னச் சிவன் சந்நிதி ஒன்று உண்டு, இரும்பு ஏணியில் ஏற வேண்டும். உச்சியில் பீரங்கி மேடை. அங்கே நின்றால் ஊரின் ஓட்டுக்கூரைகளும் கண்மாய்களும் காலடியில் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் கண்மாய்கள் நிறைந்திருக்கும்போது பார்த்தால் இது வறண்ட சீமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 2: சித்தன்னவாசல் (இங்கேதான் கவனம்)

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் 16 கி.மீ. பாறையைக் குடைந்த கோயிலின் கூரையில் தீட்டிய தாமரைக்குள ஓவியத்துக்காகத்தான் இங்கே வருவது. முதல் தடவை நான் செய்த தப்பு இரண்டு.

ஒன்று, மலையைப் பார்த்ததும் ஏறிவிட்டேன். படி ஏறி மறுபக்கச் சரிவுக்குப் போனால் வருவது ஏழடிப்பட்டம். சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்கே இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் ஓவியம் அங்கே இல்லை. ஓவியம் இருப்பது அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையில். அது தனி வாசல், அதே சாலையில் கொஞ்சம் தள்ளி. நான் கால் வலிக்க இறங்கி வந்த பிறகுதான் இது தெரிந்தது.

இரண்டாவது தப்புதான் பெரியது. உச்சி வெயிலில் பாறையில் நடந்து போய் நேரே குடைவரைக்குள் தலையை நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் பழைய சுவரில் நீர் கசிந்த மாதிரி கறை. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று சலித்துக்கொண்டேன். குறை ஓவியத்தில் இல்லை, என் கண்ணில்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முன் மண்டப நிழலில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். செல்போன் திரையைப் பார்க்காதீர்கள், பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் உள்ளே போய், விதானம் (உள்கூரை) முழுவதையும் துழாவாமல் ஒரு மூலையை மட்டும் பாருங்கள். முதலில் ஒரு மீன் தெரியும். மீன் தெரிந்துவிட்டால் பக்கத்தில் தாமரை இலை, இலைக்கு மேல் மொட்டு, அப்புறம் யானை, எருமை, நீர்ப்பறவை என்று குளமே மெல்ல மேலே வந்துவிடும். அந்தக் குளத்துக்குள் மூன்று பேர் பூப் பறித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கையில் பூக்கூடை. மச்சினன் மகன் அருவியை மறந்தது இந்த இடத்தில்தான்.

இது 9-ஆம் நூற்றாண்டு வேலை. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. சமண மரபில் இது சமவசரணத்துத் (தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் தெய்வ மண்டபம்) தாமரைப் பொய்கை. எனக்கு நம்ம ஊர் ஊருணிதான் ஞாபகத்துக்கு வந்தது. தூண்களில் உள்ள ஆடல்மகளிரையும் விட்டுவிடாதீர்கள்.

கருவி விஷயத்தில் என் கட்சி இது: கேமராவை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் விதானம் அதில் விழும், கழுத்து பிழைக்கும். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டவே வேண்டாம். காவலர் திட்டுவது இருக்கட்டும், ஆயிரம் வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு அது.

படி 3: பிரான்மலை

மறுநாள் விடியலில் கிளம்பி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக. இதுதான் பாரியின் பறம்பு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இந்த மலையின் சிகரந்தோறும் அருவி இறங்கி, கொள்ளுக்கு உழுத வயலில் வாய்க்காலாக ஓடும் என்று புறநானூற்றில் கபிலர் பாடியிருக்கிறார் (பாட்டு 105). இப்போது போனால் பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புத் தடம்தான் பார்க்கலாம், நல்ல மழைக்கு மறுநாள் போனால் ஒருவேளை ஈரம். செட்டிநாட்டுப் பக்கம் அருவி கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். பையன் கொஞ்சம் முறைத்தான், சரி.

மலையேறுவதாக இருந்தால் வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தின்பண்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், குரங்கு உங்களை அனுமதி கேட்காது. என் சீப்புச் சீடைப் பொட்டலம் அப்படித்தான் போனது.

நனைந்தே ஆக வேண்டும் என்பவர்கள் வாடிப்பட்டிப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் உள்ள குட்லாடம்பட்டி அருவிக்குப் போகலாம். அது மதுரை மாவட்டம், வடகிழக்குப் பருவமழைக்குத்தான் தண்ணீர் விழும். தண்ணீர் இருக்கிறதா, உள்ளே விடுகிறார்களா என்று விசாரிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வயதான அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அறிவர் கோயிலுக்கு ஏற்றம் குறைவுதான், மெதுவாகப் போகலாம். ஏழடிப்பட்டமும் திருமயம் உச்சியும் வேண்டாம். இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மதியம் பாறையில் நடந்து கால் பொத்துவிட்டதாக எழுதியிருந்தார். பையில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.