மெல்லிய லேப்டாப்: எத்தனை ஜிபி, எந்தத் திரை?

விலை கூடிய மெல்லிய லேப்டாப்பில் ஸ்டோரேஜையும் திரையையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். திரை வாங்கியது வாங்கியதுதான், பின்னால் மாற்ற வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ் மாடலுக்கு மாடல் வேறுபடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்) கழற்றக்கூடியதா, மதர்போர்டில் சால்டர் செய்ததா, அதாவது ஈயம் வைத்துப் பற்றவைத்ததா என்பதை.

விவரப் பட்டியலில் 'எம்.2 2280' என்றோ '2230' என்றோ இருந்தால் பெரும்பாலும் ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகிக் கழற்றும் இடம்) உண்டு. 22 அகலம், 80 அல்லது 30 நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். வெறும் '512 ஜிபி எஸ்எஸ்டி' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கி, எஸ்எஸ்டி கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். மேக்புக் ஏரில் 2018 மாடல் முதல் சால்டர்தான். ஸ்லாட் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: மெல்லிய உடலில், இரண்டு பக்கமும் சிப் உள்ள எஸ்எஸ்டி சில சமயம் உட்காராது. ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சால்டர் என்றால் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். போர்டு செத்தால் டேட்டாவும் கூடவே போகும். பேக்கப் இல்லாமல் அந்த மாதிரி மெஷினைப் பயன்படுத்தவே கூடாது.

அளவைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். இப்போதைய கணினியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 180 ஜிபி என்று வைப்போம். ஆண்டுக்கு 60 ஜிபி கூடுகிறது, ஐந்து ஆண்டு ஓட்ட வேண்டும் என்றால் மொத்தம் 480. எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது நல்லது. அதனால் 480-ஐ 0.8-ஆல் வகுத்தால் 600. பெட்டியில் 512 என்று எழுதியிருப்பதை விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். எனவே இவருக்கு 1 டிபி (சுமார் 1,000 ஜிபி). ஸ்லாட் உள்ள மாடல் என்றால் இப்போதைக்கு 512 வாங்கி, மிச்சக் காசைத் திரையில் போடலாம்.

256 ஜிபியைத் தவிர்க்கச் சொல்வதற்கு இடம் மட்டும் காரணமில்லை. சிப் எண்ணிக்கை குறைந்தால் ஒரே நேரத்தில் படிக்கும், எழுதும் பாதைகளும் குறையும். 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி மாடல் ஒரே சிப்போடு வந்தது. இரண்டு சிப் இருந்த முந்தைய எம்1 மாடலைவிட அதன் ஸ்டோரேஜ் வேகம் குறைவு.

ஜென் 4, ஜென் 5 (எஸ்எஸ்டி இணைப்பின் தலைமுறை) என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். ஜென் 3 நொடிக்கு 3,500 எம்பி அளவுக்குப் படிக்கும், ஜென் 4 அதைப்போல் இரு மடங்கு. பிரவுசர், ஆவணம், சாதாரண போட்டோ வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய உடலில் சூடு ஏறினால் எஸ்எஸ்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிஎல்சியா (ஒரு செல்லில் 3 பிட் சேமிப்பது), க்யூஎல்சியா (4 பிட் சேமிப்பது) என்பது அதைவிட முக்கியம். க்யூஎல்சியில் பெரிய வீடியோ ஃபைல்களைக் காப்பி செய்தால் ஆரம்பத்தில் பறக்கும். கேஷ் (தற்காலிகமாக வேகமாக எழுதும் பகுதி) நிரம்பியதும் சட்டென்று படுத்துவிடும்.

இனி திரை. கூர்மையைத் தீர்மானிப்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதுதான். 14 அங்குலத்தில் 1920×1200 என்றால் சுமார் 162, 2560×1600 என்றால் 216, 2880×1800 என்றால் 243, 3840×2400 என்றால் 323. நல்ல பார்வை உள்ளவருக்கு 50 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய 175-க்கு மேலும், 40 செ.மீ.-இல் 218-க்கு மேலும் தனிப் பிக்சல்களைப் பிரித்துப் பார்ப்பது கடினம். மடியில் வைத்துக் குனிந்து படிப்பவருக்கு 1920×1200 கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். அதைத் தமிழில் எளிதாகச் சோதிக்கலாம்: சிறிய எழுத்தில் 'ண', 'ன' இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, சுழிகள் தெளிவாகப் பிரிகின்றனவா, மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாக நிற்கிறதா, கலங்கிய சாம்பல் பொட்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4கே வகைக்கு (3840×2400) 1920×1200-ஐப்போல் நான்கு மடங்கு பிக்சல். இந்த அளவுத் திரையில் அதன் பயனைவிட பேட்டரிச் செலவுதான் அதிகம். திரையில் கொள்ளும் இடமும் அதிகமாகாது: 3840×2400-ஐ 200 சதவீத ஸ்கேலிங்கில் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அமைப்பு) வைத்தாலும், 2880×1800-ஐ 150-இல் வைத்தாலும் கிடைப்பது அதே 1920×1200 இடம்தான். பெரும்பாலோருக்கு 2560×1600 அல்லது 2880×1800 போதும். பேட்டரியே முதல் கவலை என்றால் 1920×1200 எடுங்கள். ஆனால் 'என்டிஎஸ்சி 45%' (காட்டும் நிறங்கள் குறைவு) என்று எழுதிய மலிவுத் திரையை ஒதுக்கி, 'எஸ்ஆர்ஜிபி 100%' (வழக்கமான நிறங்களை முழுதாகக் காட்டுவது), 400 நிட்ஸ் (வெளிச்ச அளவு) உள்ளதைத் தேடுங்கள். ரெசல்யூஷனைக் கூட்டும்போது சில மாடல்களில் திரை வகையே ஓஎல்இடியாக (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) மாறிவிடும், கவனியுங்கள். கறுப்பு ஆழமாக இருக்கும். வெள்ளைப் பக்கங்களில் மின்சாரம் அதிகம் இழுக்கும், குறைந்த வெளிச்சத்தில் மினுக்கம் சிலரின் கண்ணை உறுத்தும்.

மெஷின் கைக்கு வந்ததும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், டிவைஸ் மேனேஜரில் எஸ்எஸ்டியின் மாடல் எண்ணைக் குறித்து அது டிஎல்சியா என்று தேடிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை நிறங்களைப் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.