வால்வு ஹெட்போன் ஆம்பில் ஃபிலிம் கெப்பாசிட்டர் பொருத்துவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனின் கடற்காற்று பழைய ரேடியோக்களுக்கு ஆகாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் தாத்தா வைத்திருந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ரேடியோவைத் திறந்தபோது, அதிலிருந்த மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) ஈரம் குடித்து மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தன. அதனால்தான் புதிதாக ஆம்ப் (ஒலிபெருக்கி சர்க்யூட்) கட்டுகிறவர்களிடம் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டரையே வாங்கச் சொல்கிறேன். அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, கசிவும் மிகக் குறைவு.

முதல் வால்வின் பிளேட்டில், அதாவது பாட்டு வெளிவரும் முனையில், 100, 150 வோல்ட் டிசி (ஒரே திசை மின்சாரம்) நிற்கும். பாட்டு அதன்மேல் சிறு அலையாக ஏறி வரும். அலையை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு, அதாவது பாட்டு உள்ளே போகும் முனைக்கு விட்டு, டிசியைத் தடுப்பதுதான் நாம் பொருத்தும் இந்தக் கப்ளிங் கெப்பாசிட்டரின் வேலை.

என்ன வாங்குவது?

கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்றால் 0.22 மைக்ரோ ஃபாரட் தாராளம். தாழ்ந்த ஒலி 1.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதைவிடப் பெரிய கெப்பாசிட்டர் தேட வேண்டாம். உடம்பில் 224 என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். வால்வு சூடாகும் முன் பிளேட்டில் சப்ளை வோல்ட் முழுவதும் ஏறிவிடும். சப்ளை 250 வோல்ட் என்றால் 400 அல்லது 630 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டும்.

படி 1: மின்சாரத்தை இறக்குங்கள்

இதில் அவசரமே கூடாது. மூன்று உருண்டைக் கால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். லோட் ஷெடிங்கில் கரண்ட் போயிருக்கிறதே என்று உள்ளே கை வைக்காதீர்கள், எந்த நொடியும் திரும்பி வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்புகளால் அவற்றின் இரு முனைகளிலும் மாட்டிச் சற்று நேரம் விடுங்கள். மல்டிமீட்டரில் அளந்து, சுழியத்தை ஒட்டி வந்த பிறகே உள்ளே தொடுங்கள்.

படி 2: இடம் பார்த்து வையுங்கள்

ஃபிலிம் கெப்பாசிட்டருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. சிலவற்றில் வெளி ஃபாயிலின் (வெளிப்புற உலோகத் தாளின்) முனையைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த முனையைப் பிளேட் பக்கம் வைத்தால் இரைச்சல் குறையும். வால்வையோ, சூடாகும் ரெசிஸ்டரையோ ஒட்டி வைக்காதீர்கள். வெறும் கம்பிக்கு ஸ்லீவ் (இன்சுலேஷன் குழாய்) போடுங்கள்.

படி 3: சால்டர் செய்யுங்கள்

60/40 ஈயம், 350 டிகிரி சூடு, மூன்று நொடி. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதனால் உடம்புக்கும் ஈயம் வைக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு குரோகடைல் கிளிப்பை மாட்டுங்கள், சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

படி 4: ஹெட்போன் மாட்டாமல் சோதியுங்கள்

மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் கிளிப்பால் மாட்டிவிட்டு ஆம்பைப் போடுங்கள். ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். இரண்டு நிமிடம் கழித்து, கிரவுண்டுக்குப் போகும் கிரிட் ரெசிஸ்டரின் கிரிட் முனையைச் சிவப்பு முனையால் தொடுங்கள். ஏறக்குறைய 0 வோல்ட் காட்ட வேண்டும். பிளஸ்ஸில் ஓரிரு வோல்ட் நின்றால்கூட உடனே அணையுங்கள். கெப்பாசிட்டர் கசியலாம், அப்படியே ஓடினால் அடுத்த வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும். கிரிட் சரி என்றால் ஹெட்போன் சாக்கெட்டிலும் டிசி இல்லையா என்று பாருங்கள். அப்புறம் விலை குறைந்த ஒரு ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள்.