மேடைப் பாட்காஸ்ட் நடத்துவோர் கட்டியங்காரனைக் கவனிக்கலாம்

புதுச்சேரியில் பார்வையாளர் முன்னிலையில் நகைச்சுவைப் பாட்காஸ்ட் பதிவு செய்ய எண்ணும் தொகுப்பாளர்கள், சுற்றுவட்டார ஊர்களில் நடக்கும் தெருக்கூத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புதிதாக வரும் வேடதாரியை, "நீர் யார், எந்த ஊர்?" என்று கூத்தை அறிவித்து நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேட்பது தனக்குத் தெரியாததால் அல்ல; கூட்டத்தின் சார்பில் கேட்டு, கிடைத்த பதிலையே கேலியாகத் திருப்பி, அடுத்த பேச்சுக்கு வழிவிடுகிறான்.

விருந்தினரிடம் "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். மாலையில் வாகனங்களை அனுமதிக்காத கடற்கரைச் சாலைக்கு அவர் முதன்முதலாக ஸ்கூட்டரில் வந்து திருப்பி அனுப்பப்பட்ட கதையைக் கேட்டால், மனிதரும் ஊரும் சேர்ந்தே வெளிப்படுவர். ஆனால் அக்கதையை முந்தைய நாள் தொலைபேசியிலேயே முழுவதும் சொல்ல வைத்துவிடாதீர்கள். மேடையில் கேட்கும்போது தொகுப்பாளரின் சிரிப்பு நடிப்பாகிவிடும். கதையின் தலைப்பையும், தொடக்கூடாத செய்திகளையும் மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

அரங்கு சிரிக்கும்போது அடுத்த சொல்லைத் தொடங்காமல், சிரிப்பு உச்சத்தைத் தாண்டித் தணியத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். (வாய்ப்பேச்சால் வாழும் நமக்கு இதுதான் பெரிய சோதனை.) தொகுப்பாளர் 2 பேர் இருப்பின், ஒருவர் கதையை நடத்திச் செல்லவும் மற்றவர் குறுக்கே பகடி செய்யவும் முன்பே பேசிக்கொள்ளலாம், இருவரும் பகடிக்கே போட்டியிட்டால் விருந்தினர் பார்வையாளராகிவிடுவார். கூட்டத்தின் சிரிப்புக்குத் தனி மைக் வைத்துத் தனித்தடத்தில் பதிவு செய்தால், தொகுக்கும்போது அதன் ஒலியளவைத் தனியே சரிசெய்துகொள்ளலாம்.