மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனியை முதல்முறை கேட்பது எப்படி?

சிம்பொனி (பெரிய இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு) என்றாலே அரை மணி நேரம் உட்கார வேண்டுமே என்று தயங்க வேண்டாம். முதல் நாள் ஏழெட்டு நிமிடம் போதும். மொசார்ட் 1788 ஜூலையில் வியன்னாவில் எழுதி முடித்த ஜி மைனர் (ஜி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட, சோகச் சாயலுள்ள சுர வரிசை) சிம்பொனியைத் தேடி, முதல் மூவ்மென்டை, அதாவது முதல் பகுதியை மட்டும் போடுங்கள்.

படி 1: ஹெட்போன் அவசியம். மெட்டுக்கு முன்பே வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியங்கள்) அடங்கிய குரலில் படபடக்கத் தொடங்கிவிடும், அதன் மேல்தான் வயலின்கள் நுழைகின்றன. எல்லோரும் சேர்ந்து ஓங்கி வாசித்துத் தொடங்கும் சிம்பொனிகள் அந்தக் காலத்தில் ஏராளம், இது அப்படியில்லை.

படி 2: சுமார் ஐம்பதாவது நொடியில் மொத்தக் குழுவும் சட்டென்று நிற்கும். அடுத்து வருவதுதான் இரண்டாவது மெட்டு. தந்தி வாத்தியங்களும் காற்று வாத்தியங்களும் மாறி மாறி வாசிக்க, பி ஃப்ளாட் மேஜரில் (மேஜர் என்பது மைனரைவிட வெளிச்சமான சாயலுள்ளது) மெல்ல இறங்கி வரும். இதை முணுமுணுக்கத் தெரியும்வரை விடாதீர்கள். நல்லவேளையாக இதுவரை வந்ததை மறுபடி வாசிக்கச் சொல்லி மொசார்ட்டே எழுதியிருக்கிறார், பெரும்பாலான பதிவுகளிலும் அப்படியே வாசிப்பார்கள்.

படி 3: அப்புறம் வருவது கலவரம். முதல் மெட்டு எஃப் ஷார்ப் மைனருக்குத் தூக்கியெறியப்படும், கடைசியில் அதன் மூன்று சுரத் துணுக்கு மட்டும் மிஞ்சும். தொலைந்து போனால் பரவாயில்லை, தொலைவதற்கான இடம்தான் அது.

படி 4: இதற்காகத்தான் இவ்வளவும். முதல் மெட்டு திரும்பியதும் காத்திருங்கள். இரண்டாவது மெட்டும் வரும், ஆனால் இந்தத் தடவை ஜி மைனரில். முன்பு ஆறுதலாக இருந்த அதே மெட்டு இப்போது கசக்கும். மொசார்ட் காலத்து இன்னொரு இசையமைப்பாளரான ஹைடன் தன் பிற்கால மைனர் சிம்பொனிகள் பலவற்றில் இந்த மாதிரி இடத்தில் மேஜருக்கு மாறி நம்மைத் தேற்றிவிடுவார், மொசார்ட் தேற்றவில்லை. ஒரு பாட்டு முழுக்க ஒரே ராகத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டெனப் பிடிபடாமல் போகலாம், அப்போது இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

படி 5: சரி, மீதி மூன்று மூவ்மென்ட். இரண்டாவது நிதானமானது. மூன்றாவது பெயருக்குத்தான் மினுவெட் நடனம், தாளம் குறுக்கே இழுப்பதால் ஆட முடியாது. நான்காவதின் நடுவில் வாத்தியங்கள் ஒன்றாகத் தாவும் இடத்தில் பன்னிரண்டு சுரங்களில் பதினொன்று வந்துவிடும், வராத ஒன்று ஆதார சுரமான ஜி!

கிளாரினெட் என்ற காற்று வாத்தியம் இல்லாமல் ஒன்று, பிறகு சேர்த்து ஒன்று என இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தொடக்கத்துக்கு எது கிடைத்தாலும் சரிதான்.