தனி ஊசலில் ஜி: விடையை முதலில் எழுதிவிடாமல் அளப்பது எப்படி

பிளஸ் ஒன் படிக்கும்போது இயற்பியல் ஆய்வகத்தில், ஊசலை ஆடவிட்டு ஜி-யை (புவியீர்ப்பு முடுக்கத்தை) அளக்கும் சோதனையில் நாங்கள் செய்த தில்லுமுல்லு ரொம்ப எளிமையானது. 9.8 என்று விடையைப் பென்சிலில் எழுதிக்கொள்வோம், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை (ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை) வரவழைப்போம், பார்க்க நம்பும்படி இருக்க கடைசி இலக்கத்தை அங்கங்கே கொஞ்சம் கலைத்துவிடுவோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும். ஊசல் பாவம், மேசை ஓரத்தில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பல வருடம் கழித்து அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் முதன்முறையாக நிஜமாகவே அளந்தேன். 10.8 வந்தது. அது ஏன் 10.8 என்பதைக் கீழே சொல்கிறேன், அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் இன்னும் நல்லது.

முதலில் சூத்திரம். ஜி = 4 × பை² × நீளம் ÷ (அலைவு நேரம்)². இதை மனப்பாடம் செய்தவர்களுக்கு வர்க்கம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று தேர்வு நேரத்தில் குழம்பும். அப்போது பரிமாணம் கைகொடுக்கும், அதாவது எண்ணை விட்டுவிட்டு நீளமா, நேரமா என்று அளவின் வகையை மட்டும் பார்ப்பது. ஜி என்பது முடுக்கம், அதன் பரிமாணம் நீளம் ÷ நேரம்². சூத்திரத்தின் வலப்பக்கத்திலும் அதுவேதான் வரவேண்டும். வர்க்கத்தை மறந்து வெறும் நேரத்தால் வகுத்தால் நீளம் ÷ நேரம் என்று வரும், அது வேகம், உடனே பிடிபட்டுவிடும். ஆனால் 4 பை² என்பது வெறும் எண், அதற்குப் பரிமாணம் கிடையாது. அதை நீங்கள் விட்டுவிட்டாலும் சரி, 2 பை என்று தவறாக எழுதினாலும் சரி, பரிமாணச் சோதனை கண்டுகொள்ளாது. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

குண்டை நூலில் கட்டித் தாங்கியில் மாட்டும்போது, இரண்டாகப் பிளந்த தக்கைக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். சும்மா சம்பிரதாயம் என்று நினைத்து நூலைக் கம்பியில் சுற்றிக் கட்டிவிடாதீர்கள். சுற்றிக் கட்டினால் ஊசல் ஆடும்போது நூல் கம்பியைத் தழுவித் தழுவி விலகும், தொங்கும் புள்ளி எது என்றே சொல்ல முடியாது. அது தெரியாவிட்டால் நீளத்தை எங்கிருந்து அளப்பீர்கள்?

குண்டைத் தொங்கவிட்ட பிறகுதான் நூலை அளக்கவேண்டும், ஏனென்றால் எடை ஏறியதும் நூல் கொஞ்சம் நீளும். மர அளவுகோலின் முனை பெரும்பாலும் தேய்ந்திருக்கும், அதனால் 0-இலிருந்து தொடங்காமல் 10 செ.மீ. கோட்டைத் தொங்கும் புள்ளியில் வைத்து, கடைசியில் 10-ஐக் கழித்துவிடுங்கள். கண் கோட்டுக்கு நேரே இருக்கட்டும். சாய்வாகப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் தாராளமாக நகரும். பாடநூலில் இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். நூலும் கொக்கியும் சேர்த்து 99.0 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையையும் படிப்பதில் சேர்ந்து ஒரு மி.மீ. வரை ஐயம் இருக்கும், ஆகவே 99.0 ± 0.1.

ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை, அதனால் குண்டின் ஆரத்தையும் கூட்டவேண்டும். அதை அளக்க வெர்னியர் அளவி. முதன்மைக் கோலில் ஒரு பிரிவு 1 மி.மீ., வெர்னியர் கோலின் 10 பிரிவுகள் சேர்ந்து 9 மி.மீ., ஒரு பிரிவுக்கு வித்தியாசம் 0.1 மி.மீ., அதாவது மீச்சிற்றளவு (கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ. இது எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுவது சுழிப்பிழையில், அதாவது தாடைகளை மூடியும் கருவி சுழியைக் காட்டாமல் இருப்பதில். காய்கறிக்கடைத் தராசில் ஒரு தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்து ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சுழிப்பிழையும் அந்தப் புளி மாதிரிதான்: எத்தனை தடவை நிறுத்தாலும் அதே பக்கம், அதே அளவு தப்பும், நூறு தடவை சராசரி எடுத்தாலும் போகாது. அதனால் குண்டை வைக்கும் முன் தாடைகளை மூடிப் பாருங்கள். வெர்னியரின் சுழி வலப்பக்கம் தள்ளி நின்று, அதன் 3-ஆவது கோடு முதன்மைக் கோலின் ஒரு கோட்டோடு ஒன்றினால் பிழை +0.03 செ.மீ.; படித்த அளவிலிருந்து கழிக்கவேண்டும். சுழி இடப்பக்கம் போய் 8-ஆவது கோடு ஒன்றினால் பிழை 0.08 என்று எழுதுபவர்கள்தான் அதிகம், ஆனால் அங்கே 10-இலிருந்து எட்டைக் கழித்து −0.02 என்று எடுத்து, அளவோடு 0.02 கூட்டவேண்டும்.

நம் குண்டுக்கு முதன்மைக் கோல் அளவு 1.9, ஒன்றிய வெர்னியர் கோடு 4, ஆக 1.94, சுழிப்பிழை +0.03 போக விட்டம் 1.91, ஆரம் சுமார் 0.96 செ.மீ. இதை 99.0-வோடு கூட்டினால் 99.96. இங்கே நின்று யோசியுங்கள். நூலிலேயே 0.1 செ.மீ. ஐயம் இருக்கும்போது அந்தக் கடைசி 6-க்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. நீளம் 100.0 ± 0.1 செ.மீ., அவ்வளவுதான். வெர்னியரில் கால் மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற உழைப்பு மர அளவுகோலின் ஒரு மில்லிமீட்டரில் கரைந்துபோகிறது. வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொள்ள இது நல்ல பயிற்சி, மறுக்கவில்லை; ஆனால் இந்தச் சோதனையின் விடையை உண்மையில் தீர்மானிக்கப்போவது உங்கள் கட்டைவிரல்.

ஸ்டாப்வாட்ச் 40.18 என்று நூறில் ஒரு பங்கு வரை காட்டும், அதை நம்பாதீர்கள். கண் பார்த்து விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். ஒரு மீட்டர் ஊசலுக்கு ஓர் அலைவு 2 வினாடிதான், அதை மட்டும் அளந்தால் 0.2 வினாடி என்பது பத்து விழுக்காடு. சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் ஜி-யில் அது இருபது விழுக்காடாக விரியும், 8-க்கும் 12-க்கும் இடையில் எது வேண்டுமானாலும் வரலாம். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே 0.2 வினாடி நாற்பதில் பங்கிடப்பட்டு அரை விழுக்காடாகச் சுருங்கும். ஆய்வகத்தில் இருபது அலைவு என்று வற்புறுத்துவது இதற்குத்தான், காரணம் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கே எண்ணுவது? குண்டு ஓரத்துக்குப் போய்த் திரும்பும் இடத்தில் எண்ணத்தான் கை போகும், அங்கே அது நிற்பதுபோல் தெரிவதால். ஆனால் அங்கே அது சோம்பலாக நகர்வதால் சரியாக எந்தக் கணத்தில் திரும்பியது என்று சொல்ல முடியாது. நடுவில்தான் வேகம் அதிகம், கோட்டைக் கடக்கும் கணம் பளிச்சென்று தெரியும். பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, குண்டு அதை ஒரே திசையில் கடக்கும்போது மட்டும் எண்ணுங்கள். ஊசலை விட்டவுடன் வாட்சை அழுத்தாமல் இரண்டு மூன்று அலைவு போகவிட்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம்" என்று தாளம் பிடித்துக்கொண்டு பூஜ்யத்தில் அழுத்துங்கள். பூஜ்யத்தில், ஒன்றில் அல்ல. இதுதான் என் 10.8-இன் கதை: "ஒண்ணு" என்று சொல்லி வாட்சைத் தொடங்கினால் "இருபது" சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுதான். நேரம் ஐந்து விழுக்காடு குறைந்து, ஜி பத்து விழுக்காட்டுக்கும் மேல் ஏறிவிடும்.

சரி, ஐந்து முறை எடுத்த நேரங்கள் 40.1, 40.4, 40.0, 40.3, 40.2 வினாடி. சராசரி 40.20. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள்: 0.1, 0.2, 0.2, 0.1, 0. இவற்றின் சராசரி 0.12 வினாடி, அதுதான் நம் சராசரித் தனிப்பிழை. 40.20-இல் 0.12 என்பது 0.3 விழுக்காடு. நீளத்தில் 100-க்கு 0.1, அதாவது 0.1 விழுக்காடு. நேரம் வர்க்கமாக வருவதால் அதன் பங்கு இரண்டு மடங்கு, 0.6. மொத்தம் 0.7 விழுக்காடு. (பள்ளியில் இப்படி நேராகக் கூட்டுவோம், கல்லூரியில் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கச் சொல்வார்கள், இங்கே அது 0.6-ஐ ஒட்டி வரும், பெரிய வித்தியாசமில்லை.)

அலைவு நேரம் 2.010 வினாடி, நீளம் 1.000 மீட்டர். கால்குலேட்டர் 9.7716 என்று ஆரம்பித்து திரை முழுக்க நிரப்பும். 0.7 விழுக்காடு என்றால் சுமார் 0.07, அதாவது இரண்டாவது தசம இடத்திலேயே ஐயம் வந்துவிட்டது, அதற்கு மேல் எழுதுவது வீண். 9.77 ± 0.07 மீ/வி². இதுதான் விடை.

"9.8 வரலையே" என்று அழிப்பானை எடுக்காதீர்கள். நம் வரம்பு 9.70-இலிருந்து 9.84 வரை, 9.8 அதற்குள்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சென்னையில் ஜி 9.8 கிடையாது, சுமார் 9.78. பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றே பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஜி குறையும், டெல்லியில் 9.79. இதை முதலில் காட்டிக்கொடுத்ததே ஓர் ஊசல்தான்: 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. விடை தெரிந்த மாணவராக இருந்திருந்தால் அதை 'சரிசெய்து' எழுதியிருப்பார்.

இன்னொரு இடம் அலகு. நீளத்தை 100.0 செ.மீ. என்றே போட்டுக் கணக்கிட்டால் 977 வரும். தப்பில்லை, அது செ.மீ./வி². பக்கத்தில் மீ/வி² என்று எழுதும்போதுதான் தப்பாகிறது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றுபோய், கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறங்கியது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண், கிலோவுக்கு 0.8 போட்டிருக்கவேண்டும். தேவையானதில் ஏறக்குறைய பாதி எரிபொருளோடு கிளம்பிவிட்டார்கள். அதனால் கணக்கின் ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதுங்கள், இடம் அடைத்தாலும் பரவாயில்லை.

விடை தப்பாக வந்தால் அந்தத் தப்பே காரணத்தைச் சொல்லும், இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 10.8 வந்தால் பத்தொன்பதை இருபது என்று எண்ணிவிட்டீர்கள். 8.9 என்றால் இருபத்தொன்று ஆடியிருக்கிறது. 9.67 என்றால் குண்டின் ஆரத்தைக் கூட்ட மறந்தாயிற்று, 9.86 என்றால் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைக் கூட்டியிருப்பீர்கள். ஆனால் இந்த 9.86 நம் வரம்பின் ஓரத்தை ஒட்டி இருப்பதால் விரல் தடுமாற்றமாகவும் இருக்கலாம், எண்ணைப் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது, குறிப்பைத் திரும்பப் பார்க்கவேண்டும். 9.45 பக்கம் வந்தால் ஊசலை 30 பாகை அளவுக்கு இழுத்து விட்டிருக்கலாம். வீச்சு பெரிதானால் அலைவு நேரம் கூடும், 30 பாகையில் அது 1.7 விழுக்காடு. 5 பாகைக்குள் என்றால் 0.05 விழுக்காடுகூட வராது.

வெர்னியர் இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பூட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பூட்டின் நிறைமையம் எங்கே என்று தெரியாதே என்றால், தெரியவேண்டாம். முடிச்சு வரைக்கும் நூலை மட்டும் அளந்து, 100.0 செ.மீ. நூலில் இருபது அலைவு, 50.0 செ.மீ. நூலில் இருபது அலைவு எடுங்கள். எனக்கு 41.0, 29.5 வினாடி வந்தது. நூல் நீளத்தை மட்டும் நம்பி முதல் அளவைப் போட்டால் ஜி 9.39, பூட்டின் நீளம் விட்டுப்போனதால் குறைகிறது. இரண்டையும் கழித்துப் பாருங்கள்: நீளங்களின் வித்தியாசம் 0.500 மீட்டர், அலைவு நேர வர்க்கங்கள் 4.203, 2.176, வித்தியாசம் 2.027. தெரியாத அந்தச் சில சென்டிமீட்டர் இரண்டிலும் ஒரே அளவு இருந்ததால் கழித்தலில் காணாமல் போய்விட்டது, ஜி = 9.74. தராசுத் தட்டின் புளி உதிர்ந்துவிட்டது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. நேரங்களில் 0.1 வினாடி ஐயம் என்று வைத்தாலே, கழித்து வந்த சின்ன எண்ணில் அது 1.7 விழுக்காடாகப் பெருத்துவிடுகிறது. நீள வித்தியாசத்தின் 0.4-ஐயும் சேர்த்தால் இரண்டு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக எழுத வேண்டியது 9.7 ± 0.2 மீ/வி². நூல் நீளத்தை 30, 50, 70, 90, 110 என்று மாற்றி, நீளத்துக்கு எதிராக அலைவு நேர வர்க்கத்தை வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டால் இன்னும் இறுக்கமாக வரும். கோட்டின் சாய்வு மீட்டருக்கு 4.04 பக்கம் இருக்கும், அது கீழே நீண்டு நீள அச்சைச் சுழிக்கு இடப்பக்கம் எங்கே வெட்டுகிறதோ அந்தத் தூரம்தான் முடிச்சிலிருந்து பூட்டின் நிறைமையம் வரையுள்ள நீளம். எனக்கு நான்கு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பூட்டில் சாவியைச் செருகி வைக்காதீர்கள், நான் முதல் தடவை அப்படியே தொங்கவிட்டு, சாவி தனியாக ஒரு தாளத்தில் ஆட, பூட்டு தட்டாமாலை சுற்ற, ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.