சிங்கப்பூர் வந்து எறங்கினதும் பேச்சை பிடிக்கிறது எப்படி

"அங்க என்ன பாஷை பேசுவாங்க?"ன்னு வேலைக்கு கிளம்புற எல்லாரும் கேக்குறாங்க. ஒத்த பதில் கிடையாதுங்க. ஆட்சி மொழியே நாலு, மலாய், மாண்டரின் சீனம், தமிழ், இங்கிலீஷ், தேசிய கீதம் மலாய்ல, ஆனா ஆபீஸ் ஓடுறது இங்கிலீஷ்ல. புக்கெல்லாம் வாங்காதீங்க, நேரா காப்பிக்கடைக்கு போங்க.

வெறும் "கோப்பி"ன்னா கண்டென்ஸ்டு மில்க்கும் சீனியும் போட்டு வரும். பால் வேணாம்னா "கோப்பி ஓ", சீனியும் வேணாம்னா "கோப்பி ஓ கோசோங்", ஐஸ் வேணும்னா கடைசில "பெங்" சேத்துக்கோங்க. நான் வந்த புதுசுல "ஒன் காஃபி, நோ மில்க், நோ ஷுகர், ப்ளீஸ்"னு நீட்டி முழக்குனேன், கடை அங்கிள் என்னை ஏற இறங்க பாத்துட்டு உள்ள திரும்பி "கோப்பி ஓ கோசோங்!"னு முடிச்சுட்டாரு. அதுல கோப்பியும் கோசோங்கும் மலாய், நடுவுல இருக்குற ஓ ஹொக்கியன்ங்கிற சீன வட்டார பேச்சு, கருப்புன்னு அர்த்தம், சீனாவுல ஃபூஜியான் பக்கமிருந்து கப்பலேறி வந்த சனங்க கூடவே கொண்டு வந்தது. நாமளும் சும்மா வரல, மலாய்ல கடைக்கு "கெடாய்", கப்பலுக்கு "காப்பால்".

வயசானவங்க யாரா இருந்தாலும் அங்கிள், ஆண்ட்டி. "கேன்"னா முடியும், "கேன் லா"ன்னா அட முடியும்ப்பா, "கேன் மே?"ன்னா நெசமாவா முடியும்? லாவை எல்லா எடத்துலயும் போட்டீங்கன்னா உடனே மாட்டிப்பீங்க, கொஞ்ச நாள் காது மட்டும் குடுங்க.

ஸ்டேஷன் போர்டுல லிட்டில் இந்தியான்னு இருக்கும், நம்மாளுங்க "தேக்கா"ன்னு சொல்வாங்க. அது தமிழ்னே ரொம்ப நாள் நெனச்சேன், ஹொக்கியனாம், மூங்கில் அடின்னு அர்த்தம். அதே எடத்துக்கு மலாய்ல கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம்.

சீனர்னா மாண்டரின்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. 1979ல அரசாங்கம் மாண்டரின் பேசுங்கன்னு இயக்கம் நடத்த ஆரம்பிச்சப்புறம் சின்னவங்ககிட்ட ஹொக்கியன், தியோச்சூ மாதிரி சீன வட்டார பேச்செல்லாம் தேய்ஞ்சு போச்சு, பாட்டி ஒண்ணு சொல்ல பேரன் முழிக்கிற வீடு நெறைய.

நம்ம கதையும் பெருசா வேற இல்ல. சிங்கப்பூர் முழுக்க பாத்தா வீட்டுல அதிகமா இங்கிலீஷ் பேசுறவங்க 2010ல 32.3 சதவீதம், 2020ல 48.3, தமிழ் வெறும் 2.5. அதனால இங்க பொறந்த தமிழ்ப் பையன் இங்கிலீஷ்ல பதில் சொன்னா திமிருன்னு நெனைக்காதீங்க, ஸ்கூல்ல படிச்ச தமிழ் வேற, உங்க ஊர் பேச்சு அவனுக்கு வேற, மெதுவா பேசுனா வருவான்.

அப்புறம் கடையில காலி டேபிள் மேல டிஷ்யூ பாக்கெட் கிடந்தா அது "சோப்" பண்ணின எடம், குளிக்கிற சோப்பு இல்ல, யாரோ எடம் புடிச்சு வெச்சாச்சுன்னு அர்த்தம். கோப்பியை கையில வெச்சுக்கிட்டு வேற டேபிள் தேடுங்க.