பிள்ளை வீட்டில் ஒரு பகல்: பிபிசி ஒன் பார்ப்பது எப்படி

கும்பகோணத்தில் 32 வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தேன். கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆறு மாத விசாவில் லண்டன் குரோய்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தது நவம்பரில். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும்தான். நாலரைக்கெல்லாம் விளக்குப் போட வேண்டிய இருட்டு. முதல் பத்து நாள் யூடியூபில் நம் சீரியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு அங்கே, மனசு மகாமகக் குளத்தங்கரையில். அப்புறம்தான் பிபிசியின் முதன்மை டிவி சேனலான பிபிசி ஒன்னைக் காலையிலிருந்து மாற்றாமல் வைக்க ஆரம்பித்தேன். அப்பா ராத்திரியில் பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசை கேட்ட வீடு எங்களுடையது. 1941-இல் தொடங்கிய அந்த வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. அந்தப் பெயர்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை நிற்கவில்லை.

மன்னார்குடி, மாயவரம், திருவையாறு என்று நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் இப்படிப் போய், பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

போனதும் பிள்ளையிடம் டிவி லைசென்ஸ், அதாவது டிவி பார்க்க அங்கே காசு கட்டி வாங்கும் அனுமதி, இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தச் சேனலாக இருந்தாலும் நேரலையாகப் பார்க்க அது வேண்டும். இணையத்தில் பிபிசி நிகழ்ச்சிகளைப் பார்க்கிற ஐபிளேயருக்கும் வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. பிபிசியில் விளம்பரம் இல்லாததற்குக் காரணமே அந்தக் காசுதான். ஐபிளேயர் இந்தியாவில் திறக்காது, அதனால் ஊரிலேயே பழகிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது சப்டைட்டில். ரிமோட்டில் அதைப் போட்டுவிடுங்கள். செய்தி மாதிரி நேரலையில் எழுத்து சில விநாடி பின்தங்கித்தான் வரும். வாய் ஒன்று சொல்லும், கீழே வேறொன்று ஓடும். முன்பே படம்பிடித்த நிகழ்ச்சிகளில் பேச்சும் எழுத்தும் ஒன்றாக வரும். பழக ஆரம்பிப்பதற்கு அவைதான் சரி.

காலை 6 மணிக்கு பிரேக்ஃபாஸ்ட் என்ற காலைச் செய்தி நிகழ்ச்சி தொடங்கும். அதில் வானிலையை மட்டும் விடாமல் பாருங்கள். கொஞ்சம் வார்த்தைகளே தினமும் திரும்பத் திரும்ப வரும். ஷவர்ஸ் என்றால் விட்டு விட்டு மழை, டிரிஸில் என்றால் நசநசவென்ற தூறல், சன்னி ஸ்பெல்ஸ் என்றால் நடுநடுவே வெயில். பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிற நமக்கு இதைப் பிடிக்க ஒரு வாரம் போதும். இரண்டாவது வாரத்திலிருந்து பேரன் எந்தக் கோட்டு போடுவது என்று நான்தான் சொன்னேன்.

பதினொன்றேகால் வாக்கில் ஏலத்தில் வீடு வாங்கிச் சீர்செய்கிற நிகழ்ச்சி வரும். சமைத்துக்கொண்டே பார்க்கலாம். பன்னிரண்டேகாலுக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள், பார்கன் ஹன்ட் ஆரம்பிக்கும். நேரங்கள் அவ்வப்போது மாறும், ரிமோட்டில் கைடு பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2000-இலிருந்து வருகிற நிகழ்ச்சி அது. சிவப்பு அணி, நீல அணி. ஆளுக்கல்ல, அணிக்கு 300 பவுண்டு, ஒரு மணி நேரம். பழம்பொருள் சந்தையில் மூன்று சாமான் வாங்க வேண்டும். அப்புறம் அவை ஏலத்துக்குப் போகும். லாபம் வந்தால் அணிக்கே. நம் கடைத்தெருவில் 'கடைசி விலை சொல்லுங்க' என்பதற்கு அங்கே 'வாட்ஸ் யுவர் வெரி பெஸ்ட்?' என்று கேட்கிறார்கள். கேட்ட அன்றே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் ஓர் அம்மாள் செம்புக் கெட்டில் ஒன்றைக் கையில் எடுத்தார். கூட இருந்த நிபுணர் அதைக் கவிழ்த்து, அடியை விரலால் தடவினார். என் கையும் மடியில் தானாக அசைந்தது. அடித்தகட்டைப் பல் பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்திருந்தார்கள். கையால் செய்த பழைய சாமான் என்பதற்கு அதுதான் அடையாளம். அவர் 'டவ்டெயில்' என்று சொல்வதற்குள், சப்டைட்டிலைப் படிக்காமலே, எதைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிச் சாமானிலும் அப்படித்தான். முத்திரையில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை குத்தியது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில், நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் என்கிற தரமான வெள்ளி.

அதனால் அடித்துச் சொல்கிறேன், உங்கள் கைத்தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற நிகழ்ச்சியில் ஆரம்பியுங்கள். சாமானைத் தெரிந்தவருக்கு அதன் பெயர் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நிலம் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை இதே சேனலில் வரும் கன்ட்ரிஃபைல் பாருங்கள். 1988-இலிருந்து வருகிறது. ஆடு, மாடு, வெள்ளம், உரச் செலவு என்று அங்கத்திய விவசாயி பேசுவதும் நம் விவசாயி பேசுவதும் ஒன்றுதான்.

1 மணிக்குச் செய்தி. குளிர்காலத்தில் நம் ஊரில் அப்போது மாலை ஆறரை, விளக்கேற்றுகிற நேரம். வீட்டுக்கு போன் பண்ண அதுவே கணக்கு. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த பிறகு, அதே 1 மணி நமக்கு ஐந்தரை.

மத்தியானம் கிராமத்தில் வீடு தேடுகிறவர்களின் நிகழ்ச்சி ஓடும். கண் அயர்ந்தாலும் நஷ்டமில்லை.

ஐந்தேகாலுக்கு வரும் பாயின்ட்லெஸ்ஸைப் பேரனோடு உட்கார்ந்து பாருங்கள். 100 பேரிடம் முன்கூட்டியே கேட்ட கேள்விக்கு, அவர்களில் ஒருவர்கூடச் சொல்லாத சரியான விடையைச் சொல்ல வேண்டும். தலைநகரம், ஆறு என்று கேள்வி வந்தால் என் பள்ளிக்கூடத்துப் பூகோளம் கைகொடுத்தது. 'தாத்தா, எப்படித் தெரியும்?' என்று அவன் கேட்டதும் தமிழில்தான்.

ஆறரைக்கு உள்ளூர்ச் செய்தி. நீங்கள் போகிற பஸ், ரயில், ஆஸ்பத்திரி பற்றியெல்லாம் அதில்தான் வரும். ஏழரைக்கு ஈஸ்ட்எண்டர்ஸ், 1985 பிப்ரவரியில் தொடங்கிய நெடுந்தொடர். கிழக்கு லண்டன் பேச்சு, பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். கடைசி மாதத்திலும் எனக்குச் சப்டைட்டில் இல்லாமல் முடியவில்லை. இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

9 மணிக்கு மேல் பெரியவர்களுக்கான காட்சிகள் வரலாம். அது அந்த நாட்டு விதி. குழந்தைகளை அதற்குள் படுக்க வைத்துவிடுங்கள். 10 மணிச் செய்தியை ஒட்டி மறுநாள் வானிலை சொல்வார்கள். அதைப் பார்த்து, பேரனின் கோட்டை வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் நான் படுப்பேன்.